சோதினை அக்காவின் கடைசிப் பத்துப் புள்ளி

ஒஸ்லோத் தமிழர்களில் சோதினை அக்காவிடம் பேச்சு வாங்காதவர்கள் இரண்டே வகை. அவரைத் தெரியாதவர்கள் ஒரு வகை; இன்னும் பிறக்காதவர்கள் மற்ற வகை. அவர் கடைக்குள் காலடி வைத்ததும் மீன்கடைக்காரர் கேட்காமலே செதில் சுரண்டத் தொடங்குவார். ரொம்சோஸில் அவர் குடியிருந்த மாடிக்கட்டடத்தின் கூட்டத்தில் அக்கா கையை உயர்த்தினால், கிளம்ப எழுந்தவர்களும் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிடுவார்கள்.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு சலவைக்கூடத்தில் நாங்கள் இருவரும் ஒரே மெசினில் வேலை. படுக்கை விரிப்பின் ஒரு மூலை அவர் கையில், மறு மூலை என் கையில். இழுத்து விரித்து இஸ்திரி மெசினின் வாய்க்குள் கொடுக்க வேண்டும். அவர் கை விரிப்பைக் கொடுக்கும். வாய் சமூகவியல் படிக்கும். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட எனக்கு, இன்றைக்கும் வர்க்கம், அந்தஸ்து என்று யாராவது தொடங்கினால் இஸ்திரிச் சூடு முகத்தில் அடிக்கும்.

அக்கா யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக முதலாம் வருஷத்தோடு நின்றவர். நாற்பது வயது தாண்டிய பிறகு, இங்கே ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தார். வகுப்புக்குப் போகத் தேவையில்லை. வீட்டில் இருந்து படித்து, சோதினையை, அதாவது பரீட்சையை, மட்டும் எழுதலாம். ஒரு பாடம் பாஸானால் பத்துப் புள்ளி. நூற்றியெண்பது புள்ளி சேர்ந்தால் பட்டம். வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இரண்டு பாடம் எழுதினார். அவர் வீட்டுக் கலண்டரில் தீபாவளி இருந்ததோ தெரியாது, சோதினைகள் சிவப்பு மையில் இருந்தன; பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. "உன்ரை மகள் பிறந்தது எனக்கு நல்ல ஞாபகம் தம்பி. நான் குற்றவியல் எழுதின கிழமை" என்பார்.

சோதினை மண்டபத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகலாம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் காய்ந்த ரொட்டியைச் சத்தம் வராமல் கடிப்பார்கள். அக்கா மீன் கட்லட் கொண்டுபோனார். டப்பாவைத் திறந்ததும் நாலு வரிசை திரும்பிப் பார்த்ததாம். மேற்பார்வைக்கு நின்ற ஓய்வூதியக்கார அம்மா ஓடிவந்து, ஒரு கட்லட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு இரண்டாகப் பிய்த்துப் பார்த்தார்.

"உள்ளுக்கை பேப்பர் கீப்பர் வைச்சிருக்கிறனோ எண்டு பார்க்கிறா! 'வாயிலை வைச்சுப் பாருங்கோ, மீன்தான்' எண்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, அடுத்த சோதினைக்கு அவவுக்கும் சேர்த்துப் பொரிச்சுக்கொண்டு போனனான்."

ஒரு கல்யாண வீட்டில் பெரிய மனிதர் ஒருவர் கேட்டார்: "பிள்ளை, ஐம்பது வயசிலை பட்டம் எடுத்து என்ன செய்யப் போறீர்?"

"நீங்கள் அறுபத்தைஞ்சு வயசிலை தலைக்கு மை அடிக்கிறியள். நான் ஏனெண்டு கேட்டனானோ அண்ணை?"

சபையில் அப்படிச் சொன்னவர், மறுநாள் விரிப்பு இழுக்கும்போது என்னிடம் வேறு மாதிரிச் சொன்னார். "எந்தப் படிவத்தை எடுத்தாலும் படிப்பு எண்டு ஒரு பெட்டி இருக்கு தம்பி. இருபத்தைஞ்சு வருஷமாய் அதிலை 'தொடங்கினது, முடிக்கேல்லை' எண்டு எழுதுறன். எனக்குக் கை கூசுது."

நூற்றியெழுபது புள்ளி வரை குதிரைபோல ஓடிவந்தார். கடைசிப் பாடத்தில்தான் வினை. அது வாய்மொழிச் சோதினை.

ஊரையே வாயால் உருட்டும் அக்கா, படிப்பிக்கிறவர்கள் இரண்டு பேருக்கு முன்னால் பெட்டிப் பாம்பாகிவிட்டார். உள்ளே போனவர் உட்காரச் சொல்லும்வரை நின்றார். "இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "புத்தகத்தில் உள்ளதைத்தான்" என்றார். "அதற்கு எதிராகவும் சொல்லலாமே?" என்றார்கள். "ஓம், அதுவும் சரி" என்றார். முடிந்தது கதை. ஃபெயில். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பணிவு, அதே ஃபெயில்.

ஒரு பாடத்துக்கு மூன்று தரம்தான். மூன்றாம் தரமும் தவறினால் ஒன்பது வருஷப் புள்ளியும் வெறும் புள்ளியாகவே கிடக்கும். படிவத்துப் பெட்டியில் அதே வரியைத்தான் எழுத வேண்டும்.

"ஏன் அக்கா, மீன்கடையிலை போடுற சத்தத்திலை கால்வாசியை அங்கை போடக் கூடாதோ?"

"விசர்க் கதை கதையாதை. படிப்பிக்கிற ஆக்களுக்கு எதிர்க்கதை கதைக்க எனக்கு வாய் வராது."

நான் மெசினடியில் பரீட்சகராக நடித்துப் பார்த்தேன். நான் மூக்குக்கண்ணாடி போட்டாலே அக்கா நிலத்தைப் பார்த்தார். இரண்டு கிழமை மினக்கெட்டும் பலன் இல்லை. ஒரு நாள் எனக்குச் சலித்துவிட்டது.

"சரி, துப்புரவு வேலை செய்யிற சனத்துக்கு முன்னேற ஆசை இல்லை, அதுதான் அங்கையே கிடக்குதுகள் எண்டு நான் சொல்லுறன். நீங்கள் என்ன சொல்லுறியள்?"

விரிப்பு அப்படியே நின்றது. "என்ன சொன்னனீ?"

அதற்குப் பிறகு அக்கா என்னை வாய் திறக்க விடவில்லை. அந்தப் பாடத்தின் ஆறு புத்தகத்தில் இருந்ததையும் என் தலையில் கொட்டினார். மெசின் வெறுமையாகச் சுற்றுவதைக் கண்டு எங்கள் மேலாள் மார்ட்டின் ஓடிவந்தார். அக்கா மூச்சு விடாமல் நோர்வேஜியனுக்கு மாறி அவரையும் பிரித்து மேய்ந்தார். மார்ட்டின் கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் கேட்டு, "இனிமேல் அப்படி நினைக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாவம், அவர் அதற்கு முன்பும் அப்படி நினைத்தவர் அல்லர்.

மூன்றாம் தரத்துக்கு நானும் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். யாரும் உள்ளே இருந்து கேட்கலாம் என்பது விதி. "நீ இருந்தால் எனக்குச் சிரிப்பு வரும், வெளியிலை நில்" என்றுவிட்டார் அக்கா. கதவடி வாங்குப் பலகையில் உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிஷம் உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. திடீரென்று மூடிய கதவைத் தாண்டி அக்காவின் குரல் வந்தது. மீன்கடைக் குரல். அது குறையவே இல்லை.

வெளியே வந்தவரின் முகம் நாங்கள் வெளுத்த விரிப்பைவிட வெள்ளையாக இருந்தது.

"முடிஞ்சுது தம்பி. எங்களை மாதிரிப் பொம்பிளையள் வேலை மாறாததுக்குக் காரணம் கலாசாரம்தானே எண்டு அந்த மனிசன் கேட்டுது. 'நீங்கள் சொல்லுறது பிழை' எண்டிட்டன். படிப்பிக்கிற ஆளைப் பார்த்து! விரலும் நீட்டினனான். உள்ளுக்கை போய் மன்னிப்புக் கேட்கட்டோ?"

"சும்மா இருங்கோ அக்கா."

கால் மணி நேரத்தில் கதவு திறந்து அவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"பி" என்றார். "பி தந்திருக்கினம். நூற்றியெண்பது, தம்பி."

கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். நான் எதிர்ச் சுவரைப் பார்த்தேன். இல்லாவிட்டால் நானும் தொடங்கியிருப்பேன். கொஞ்ச நேரத்தில் விசும்பல் நின்றது. கண்ணைத் துடைத்தார். புருவம் சுருங்கியது.

"அது சரி, ஏன் ஏ இல்லை?"

"அக்கா, விடுங்கோ!"

"என்னத்தை விடுறது? காரணம் கேட்க எனக்கு உரிமை இருக்கு" என்று எழுந்து, கதவைத் தட்டி, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டார். மறுபடி அந்தக் குரல்.

தன் முறைக்குக் காத்திருந்த வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி மிரண்டுபோய் என்னைப் பார்த்தாள். "உள்ளே போனவர் இங்கே படிப்பிக்கிறவரா?"

"இல்லை" என்றேன். "என் கூடப்பிறந்த அக்கா."

அது பொய். திருத்தவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.