மாமனாரும் இறங்காத கண்ணாடியும்

எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. அப்போதே ஒப்புக்கொண்டிருந்தால் என் மாமனார் மானத்தோடு மலையேறியிருப்பார்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு பழைய கார் வாங்கியிருந்தேன். முப்பது வயது. ஏசி எப்போதோ செத்துவிட்டது. ஆனால் அந்தக் காலத்திலேயே பவர் விண்டோ வைத்து வந்த கார் (இதைச் சொல்லிச் சொல்லியே தெருவில் பாதிப்பேர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார்கள்). ஆயுத பூஜைக்கு மறுநாள் பார்த்தால் நான்கு கண்ணாடிகளும் இறங்க மாட்டேன் என்றன.

"அடுத்த வாரம் வெள்ளிமலைல கல்யாணம். எங்கப்பாவ இதுல இட்டுகினு போய் ஒழுங்கா கொண்டாந்து வுடுங்க. எதனா ஆச்சுன்னா வண்டிய வித்துடணும்" என்றாள் என் மனைவி சுமதி.

விற்பதாவது. ஸ்க்ரூடிரைவரைத் தூக்கினேன். ஃபியூஸை மாற்றினேன், பழையதே நன்றாகத்தான் இருந்தது. வீடியோ பார்த்துக் கதவின் உள்பலகையைக் கழற்றி, மோட்டாருக்கு நேராக பேட்டரி கரண்ட் கொடுத்தேன். கண்ணாடி ஜம்மென்று இறங்கி ஏறியது. அப்படியானால் ஒயர்தான் என்று முடிவுகட்டி நான்கு கதவுகளையும் பிரித்தேன். மூன்று நாள் போயிற்று, ஒரு மண்ணும் நடக்கவில்லை. திரும்ப மாட்டும்போது கிளிப்புகள் உடைந்ததால் பலகைகளைக் கயிறு போட்டுக் கட்டினேன்.

கல்யாணத்தன்று மாமா பட்டு வேட்டியில் வந்து ஏறினார். கச்சிராயபாளையம் வருவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"கொஞ்சம் காத்து வருமா மாப்ள?"

"மலை ஏறுனா ஜில்லுனு இருக்கும் மாமா."

அடிவாரத்தில் சோதனைச் சாவடி. சாராயம் கடத்துகிறார்களா என்று வண்டி வண்டியாகப் பார்க்கிற இடம். போலீஸ்காரர் கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டினார். நான் சிரித்தேன் (வேறு என்ன செய்ய). மறுபடி தட்டினார். கதவைத் திறந்தேன். கயிறு அவிழ்ந்து பலகை அவர் காலடியில் விழுந்தது.

"கதவுக்குள்ள இன்னா மறைச்சினு போறீங்க?"

"ஒயர் சார்."

"மத்த கதவெல்லாம் ஏன் கட்டிக்கீது?"

"அதுலயும் ஒயர்தான் சார்."

எல்லாப் பலகைகளையும் கழற்ற வைத்தார். மாமா பட்டு வேட்டியோடு ரோட்டோரம் நின்றார். சொந்தக்காரர்கள் வேன் வேனாக அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். முகூர்த்த நேரமும் போனது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் போலீஸ்காரர் கியருக்குப் பக்கத்தில் இருந்த கண்ணாடிப் பொத்தான்களை நகத்தால் சுரண்டினார்.

"இது இன்னா பவுடரு?"

மாமா குனிந்து முகர்ந்தார். "சந்தனம்." என்னைப் பார்த்தார். "யாரு வெச்சது?"

நான்தான். ஆயுத பூஜைக்கு ஒரு இடம் பாக்கி விடாமல், அந்த நான்கு பொத்தான்களுக்கும் தண்ணியாகக் கரைத்த சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பக்தி ஜாஸ்தி. அது உள்ளே இறங்கிக் காய்ந்து கெட்டியாகிவிட்டது. மாமா அரைஞாணில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து இரண்டு நிமிஷம் குத்திக் கிளறினார். நான்கு கண்ணாடிகளும் இறங்கின.

நாங்கள் போனபோது கடைசிப் பந்தி. மாலையில் வீடு திரும்பினால், வேனில் போனவர்கள் சொல்லி விஷயம் தெரிந்து சுமதி வாசலிலேயே நின்றாள்.

"வித்துடலாமாப்பா?"

"வண்டி இன்னாம்மா பண்ணுச்சி? அது நல்லாத்தான் கீது. மாப்ளைய மட்டும் கிட்ட வுடாத."

வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் சுமதியின் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மாமா ரிஷிவந்தியத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சந்தனக் கிண்ணத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறார். போன வருஷம் கெஞ்சிப் பார்த்தேன்.

"டயர்ல மட்டும் வெக்கட்டுமா மாமா?"

நிஜமாகவே யோசித்தார்.

"வேணாம் மாப்ள. காத்து எறங்கிடும்."