டாக்டரிடம் பாஸ் வாங்குகிறவர்

புதுக்கோட்டைக் கண் ஆஸ்பத்திரியில் ஒரு நாள், கைக்குழந்தையோடு வந்த பெண் ஒருத்தி, குளத்தூர்ப் பக்கம் தன் கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டுவிடுவோமோ என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த ரெங்கராஜ் தன் டோக்கனை அவள் பை மேல் வைத்துவிட்டு, அவளுடையதை எடுத்துக்கொண்டார். அன்று அவர் முறை வரும்போது ஆஸ்பத்திரியே கூட்டிப் பெருக்கியாகிவிட்டது. மனைவி மீனம்மாள் கேட்டதற்கும், "டோக்கன் மாறிப்போச்சு" என்றதோடு சரி.

அப்பேர்ப்பட்டவரைக் கேலி செய்யலாமா என்று கேட்பீர்கள். செய்யலாம். நல்லவர்களைத்தான் கேலி செய்ய முடியும். மற்றவர்கள் அடிக்க வந்துவிடுவார்கள்.

ரெங்கராஜுக்கு விராலிமலையில் நெடுஞ்சாலை ஓரம் டீக்கடை. ஆனால் அவர் தனி மனிதர் இல்லை, ஓர் இனம். வயல்காட்டிலும் உண்டு, ஆபீசிலும் உண்டு, வளைகுடாவிலிருந்து லீவில் வரும் அறந்தாங்கிக்காரர்களிடமும் உண்டு. டாக்டரிடம் பாஸ் வாங்குகிற இனம். இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவது நோயைக் காட்ட அல்ல. பரீட்சை எழுத.

சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும் நாள் நெருங்கினால் போதும், சோற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டார், பாகற்காய்ச் சாற்றை முகம் சுளிக்காமல் குடிப்பார், வெந்தயத்தை மென்றுகொண்டே மயில்களுக்கே அலுத்துப்போகும்வரை மலையைச் சுற்றுவார், தன் கடை டீயைத் தானே தொடமாட்டார்; ரத்தம் கொடுத்த கையில் பஞ்சு காய்வதற்குள் எதிர் ஓட்டலில் பொங்கல், வடை, கேசரி. கேசரி எதற்கு? வேண்டுதல் நிறைவேறினால் இனிப்பு வேண்டாமா?

எடை பார்க்கும் மேடையில் ஏறுமுன் சாவிக்கொத்து, செல்போன், தோள் துண்டு எல்லாம் மீனம்மாள் கைக்கு வந்துவிடும். பிரஷர் பார்க்கும்போது மூச்சை அடக்கி முருகனைக் கூப்பிடுவார். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் தெரியாது. "டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டால் மட்டும் முகம் மலரும்.

"ஒடம்ப நல்லா வச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டாரு."

சர்க்கரைக்குப் பரீட்சை தேதி தெரியுமா? அது பாட்டுக்கு மற்ற நாளெல்லாம் வேலை செய்தது. வலது கண் ஏற்கெனவே மங்கல். மிச்சமிருந்த இடது கண்ணும் புகை படிந்த கண்ணாடி மாதிரி ஆனபோதுதான் மீனம்மாள் அவரைக் கண் டாக்டர் செல்வராணியிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற திரையில நீர் கோத்து வீங்கியிருக்குங்கய்யா," என்றார் டாக்டர். "அரிசி நொய் கணக்கா ஒரு மருந்துக் குச்சி. ஸ்டீராய்டு. ஊசி வழியா கண்ணுக்குள்ள வச்சிருவோம். கொஞ்சங் கொஞ்சமாக் கரைஞ்சு சில மாசம் வேலை செய்யும். கண்ணுல பிரஷர் ஏறுதான்னு அப்பப்ப பாக்கணும். மருந்து தீந்து வீக்கம் திரும்பினா மறுபடி வைக்கணும். தள்ளிப்போட்டா பார்வை திரும்பாமப் போயிரும்."

மீனம்மாள் கடைசிவரை கேட்டாள். ரெங்கராஜ் 'அரிசி நொய்' வரைக்கும் கேட்டார்.

வைத்த மருந்து நன்றாகவே வேலை செய்தது. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்து, பஸ்ஸுக்கே நிற்காதவர்களிடமெல்லாம், "மதுரை வண்டி வருது பாருங்க" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். சில மாதம் போயிற்று. ஒரு நாள் காலை, ஆற்றிய டீயைக் கிளாசுக்குப் பக்கத்தில் ஊற்றினார். அந்த இடத்தில் ஒரு லாரி டிரைவரின் கை இருந்தது.

"அண்ணே, கிளாஸ் இங்கிட்டு இருக்கு," என்றார் டிரைவர், கையை உதறிக்கொண்டே.

"வெயிலு கூசுதுப்பா."

வானம் மூடிக் கிடந்தது.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ரெங்கராஜின் உதடு அசைந்துகொண்டே வந்தது. சாமி பாட்டு என்று நினைத்து மீனம்மாளும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு காதைக் கொடுத்துக் கேட்டாள். முருகனுக்கு இத்தனை 'ட'வும் 'ப'வும் ஏது? போன தடவை காத்திருந்தபோது, மற்றவர்கள் எழுத்துப் பலகையை வாசிக்க வாசிக்க, மனுசர் வரிசையாக மனப்பாடம் செய்திருக்கிறார்.

"ஏங்க, இது யார ஏமாத்துறது?"

"ஏமாத்தலத்தா. அந்த டாக்டரம்மா எவ்வளவு பாடுபட்டு மருந்து வச்சுது. தெரியலன்னு சொன்னா அது மனசு சங்கடப்படாதா?"

இதுதான் இந்த இனத்தின் அடி ஆழம். டாக்டர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத் தன் கண்ணைக் கொடுக்கவும் தயார்.

பலகைக்கு முன் ரெங்கராஜ் பிரமாதப்படுத்தினார். அடி வரி எறும்பு அளவு எழுத்தைக்கூட விடவில்லை. செல்வராணிக்கு ஒரே சந்தோஷம்.

"ரொம்ப நல்லாருக்குங்கய்யா. அப்ப இன்னைக்கு ஸ்கேன் வேண்டாம், மருந்தும் வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

ரெங்கராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். மீனம்மாள் எழுந்திருக்கவில்லை. இருபது வருஷமாக அவருடைய எல்லாப் பரீட்சைக்கும் துண்டும் சாவியும் பிடித்தவள். புருஷனை ஓர் அன்னியர் முன்னால் விட்டுக்கொடுத்ததே கிடையாது.

"டாக்டரம்மா," என்றாள். "இவரு டீய கிளாசுல ஊத்துறதில்ல. டிரைவரு கையில ஊத்துறாரு."

"ஏத்தா, சும்மா இரு."

டாக்டர் எழுந்து பலகையிடம் போனார். அந்தப் பலகை ஒரு விளக்குப் பெட்டி. பக்கத்துக்கு ஒன்றாக எழுத்தும் எண்ணும் இருக்கும். எண் இருக்கும் பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"இன்னொரு தடவை படிங்கய்யா."

"ட, ப, ம, ர," என்று கணீரென்று ஆரம்பித்தார் ரெங்கராஜ்.

அடுத்த வரிக்கும் போனார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. தானாகவே நின்றார்.

ஸ்கேனில் வீக்கம் பூரி மாதிரி உப்பியிருந்தது. செல்வராணி படத்தைத் திருப்பி மீனம்மாளிடம் காட்டினார்.

"இத மூணு மாசம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா."

கண்ணின் பிரஷரைப் பார்த்து, அந்த வாரமே இரண்டாவது நொய்யும் உள்ளே போயிற்று. பார்வை திரும்பியது. லாரி டிரைவர்கள் பயமில்லாமல் கையை நீட்டுகிறார்கள்.

நாளைக்கு ரத்தப் பரிசோதனை என்று இன்று ராத்திரி இரண்டு இட்லியோடு எழுந்துவிட்ட புண்ணியவானே, இது உங்களைப் பற்றி இல்லை. "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டதும் தலையாட்டிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவியின் கண்ணைப் பார்க்காத ஐயா, உங்களைப் பற்றியும் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு மீனம்மாள் இதைப் படித்துவிட்டுச் சிரித்தால், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் செல்வராணி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன அன்று, ரெங்கராஜ் கோயில் திருநீற்றை மடித்து எடுத்துக்கொண்டு வழியனுப்ப வந்தார். அதை அவர் கையில் கொடுத்தார். பிறகு சொன்னார்:

"ஒங்களுக்கு அடுத்து வர்ற டாக்டருகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்கம்மா. விராலிமலை டீக்கடைக்காரரு நல்ல மனுசந்தான், ஆனா அவரு சொல்றத நம்பிறாதீங்க, படத்த எடுத்துப் பாருங்கன்னு."