ஸ்டெபிலைசர் ராடும் நான்கு பீங்கான் புஷ்களும்

விருத்தாசலத்தில் மலை இல்லை என்பதை ஒரு குறையாகவே நினைக்காமல் வாழ்ந்து மறைந்த தலைமுறைகளின் காலம், 2008-ஆம் ஆண்டு மே மாதத்தோடு முடிவுக்கு வந்தது. பெயரிலேயே ஒரு பழைய மலையை வைத்துக்கொண்டு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமதரையில் வெட்கமில்லாமல் குடியிருந்த இந்த ஊருக்கு, மலையேறும் வண்டி ஒன்றைக் கொண்டுவந்து மானத்தைக் காப்பாற்றியவர் என் கணவர் கொளஞ்சிநாதன்.

அவரை அறிமுகப்படுத்துவது என் கடமை. பீங்கான் தொழிற்பேட்டையில் எங்களுக்கு ஓர் ஆலை இருக்கிறது. ஃபியூஸ் கட்டைகளும் சிறிய இன்சுலேட்டர்களும் செய்கிறோம். 'செய்கிறோம்' என்றால், இருபத்திரண்டு பெண்களும் ஐந்து ஆண்களும் செய்கிறார்கள். அவர் முதலாளி. நான் 'தரக் கட்டுப்பாடு'. சூளையிலிருந்து வரும் ஒவ்வொரு உருப்படியையும் ஒரு சிறு குச்சியால் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது. சத்தம் மங்கினால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது என்று பொருள். பதினெட்டு வருடங்களாகத் தட்டுகிறேன். என்னை யாரும் தட்டிப் பார்த்ததில்லை என்பதால், நான் கணீரென்று இருப்பதாகவே ஊரில் பேச்சு.

நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்றை அவர் வாங்கிய மறுநாளே 'விருத்தாசலம் கரடுமுரடுப் பாதை வாகனச் சங்கம்' தோன்றியது. உறுப்பினர் நால்வர். வண்டி ஒன்று. தலைவர் இவர். செயலாளர் ஹார்டுவேர் கடை ராஜமாணிக்கம். மற்ற இருவரும் பக்கத்து ஆலை முதலாளிகள். அவர்களுடைய பணி தலையாட்டுவது. கேபிளில் ஒரு வெளிநாட்டுச் சேனலில் பாறை மேல் ஏறி இறங்கும் வண்டிகளைப் பார்த்துவிட்டு, முதல் கூட்டத்திலேயே அவர்கள் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்றை நிறைவேற்றினார்கள்: ஸ்டெபிலைசர் ராடு 'விடுவிக்கப்பட' வேண்டும்.

வாகன அறிவு இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன்பக்கத்து இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஓர் இரும்புக் கம்பி சேர்த்துப் பிடித்திருக்கும். வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் காப்பது அதுதான். ரோட்டில் அது அவசியம். மேடு பள்ளத்தில் மட்டும் இடைஞ்சல். ஒரு சக்கரம் குழிக்குள் இறங்கினால் மற்றதையும் சேர்த்து இழுக்கும். ஆகவே போல்ட்டுக்குப் பதில் பின்னும் கிளிப்பும் வைத்து, வேண்டும்போது கையாலேயே கழற்றி மாட்டும்படி செய்துகொள்வது உலக வழக்கமாம்.

"இடது சக்கரம் பள்ளத்துல வுழுந்தா வலது சக்கரத்துக்குத் தெரியவே கூடாது இளமதி. அதான் டெக்னாலஜி" என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

எனக்கு உடனே புரிந்தது. எங்கள் வீட்டில் அந்த வசதி கல்யாணத்தன்றே பொருத்தப்பட்டுவிட்டது.

இந்த மகத்தான முயற்சியின் நடுவே ஓர் அற்ப விஷயம் குறுக்கிட்டது. ஆதிலட்சுமி என்ற தொழிலாளி, சங்கம் கூடியிருந்த ஆபீஸ் அறைக்கு வந்து நின்றாள். பதினோரு வருடமாக எங்களிடம் இருப்பவள். கம்மாபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். மகள் கடலூரில் நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு இவளுடைய தலைமேல் நடக்கிறது. மிகையில்லை. சுடாத ஃபியூஸ் கட்டைகளைப் பலகையில் அடுக்கி, தலையில் வைத்து, உலர்த்தும் கொட்டகையிலிருந்து சூளை வரை சுமப்பது அவள் வேலை. பிசிறு தேய்த்து வழவழப்பாக்குவதிலும் அவள் கைக்கு நிகர் ஆலையில் இல்லை.

கொட்டகைக்கும் சூளைக்கும் நடுவே உள்ள முற்றம் முழுக்கப் பள்ளம். ஆபீஸ் சுவரிலோ என் கணவர் எழுதி ஒட்டிய விதி: ஒரே நாளில் மூன்று உருப்படி உடைத்தவர் மறுநாள் முதல் வர வேண்டியதில்லை.

"மொதலாளி, நேத்து காலு மடங்கி ரெண்டு கட்ட வுழுந்துடுச்சுங்க. மூணாவத வயித்தோட சேத்துப் புடிச்சிட்டேன். ஒரே ஒரு லோடு கிராவல் கொட்டுனா போதுங்க. எல்லாரும் சொல்லச் சொன்னாங்க."

என் கணவர் அவளைக் கனிவோடு பார்த்தார். அறிவில்லாதவர்களிடம் அவருக்கு எப்போதுமே கனிவு உண்டு.

"ஆதிலட்சுமி, தப்பு தரையில இல்ல. தர அப்படித்தான் இருக்கும். அதுக்கு ஏத்த மாதிரி நாமதான் வளஞ்சி குடுக்கணும். அமெரிக்காவுல பாறைய செதுக்கவா செய்யறான்? வண்டிய மாத்தறான்."

"எனக்குக் காலு ரெண்டுதாங்களே மொதலாளி?"

"அதான் சொல்றேன். ரெண்டையும் தனித்தனியா பழக்கு."

தலையாட்டும் முதலாளிகள் இருவரும் சிரித்தார்கள். மேஜையில் கணக்கில்லாமல் குவிந்திருந்த உருப்படிகளைத் தட்டிக்கொண்டிருந்த நானும் புன்னகை செய்தேன் என்று நினைக்கிறேன். என் முகத்துக்கு அது ஒரு பழக்கம். உத்தரவு வருவதற்கு முன்பே செய்துவிடும்.

அவள் போவதற்குள் மெக்கானிக் தர்மராஜ் உள்ளே வந்தார். பின்னும் கிளிப்பும் செய்தாயிற்று, ராடைச் சக்கரப் பக்கம் கோக்கும் லிங்க் ராடின் கண்ணுக்குள் வைக்க ரப்பர் புஷ், அதாவது குலுக்கலைத் தாங்கும் வளையம், மட்டும் இங்கே கிடைக்கவில்லை, மெட்ராஸிலிருந்து வர பத்து நாளாகும் என்றார்.

 என் கணவர் எழுந்து நின்றார்.

"பீங்கான் ஊருல இருந்துகிட்டு ரப்பருக்கு மெட்ராஸு போறதா? நம்ம இன்சுலேட்டரு பதினோராயிரம் வோல்ட்டைத் தாங்குது தர்மராஜு. ஒரு கம்பியத் தாங்காதா?"

"தாங்கும் சார்! தாராளமா தாங்கும்!" என்றார் ராஜமாணிக்கம்.

தர்மராஜ் தலையைச் சொறிந்தார். "கரண்டு வேறங்க, குலுக்கல் வேறங்க. ரப்பருன்னா அமுங்கி குடுக்கும்..."

"அமுங்கறதெல்லாம் பழைய காலம்."

கதவருகே நின்றிருந்த ஆதிலட்சுமியிடம் அவரே திரும்பினார். "நாலு புஷ்ஷு. உன் கையாலதான் தேய்க்கணும். உன் ஃபினிஷிங் ஊருக்கே தெரியணும்."

"தேய்க்கறேங்க. ஆனா மொதலாளி, பீங்கான உக்கார வெச்சா நூறு வருசம் உக்காந்திருக்கும். ஆட்டிப் பாத்தா அன்னிக்கே ஒடஞ்சிபுடும். வாணாங்க."

"பாத்தியா இளமதி, இதான் நம்ம நாடு முன்னேறாததுக்குக் காரணம்" என்றார் என் கணவர். நான் அடுத்த உருப்படியை எடுத்தேன்.

நான்கு புஷ்களும் சூளையிலிருந்து வந்தன. பால்நிறம். நகத்தால் தடவினால் வழுக்கியது. அவற்றையும் நானே தட்டிப் பார்த்தேன். நான்கும் கணீரென்றன. உள்ளே ஒரு விரிசலும் இல்லை. நல்ல பொருளைத் தவறான இடத்தில் பொருத்தினால் என்ன ஆகும் என்பதைக் குச்சி சொல்லாது. அதை நானே சொல்லியிருக்கலாம். நான் குச்சியை விட அறிவு குறைந்தவள் அல்ல. 'தேர்ச்சி' என்று சொல்லி ஒரு துணியில் சுற்றிக் கொடுத்தேன்.

வெள்ளோட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை, மணிமுத்தாற்று மணலில். பேனர் கட்டப்பட்டது. மாலை வந்தது. டிஜிட்டல் கேமரா வந்தது. வராத ஒன்றே ஒன்று, பள்ளம். ஆற்றுமணல் அந்தக் கோடையில் விரித்த பாய்போலச் சமமாகக் கிடந்தது. கரடுமுரடுப் பாதைச் சங்கம் இந்த நெருக்கடியை முன்கூட்டியே உணர்ந்திருந்தது. ஆலையிலிருந்து ஆறு பெண்கள், வார விடுமுறையைத் துறந்து, மண்வெட்டியோடு வரவழைக்கப்பட்டிருந்தார்கள். ஆதிலட்சுமியும் இருந்தாள்.

"இன்னும் ரெண்டடி போவட்டும்" என்று மேற்பார்வை பார்த்தார் ராஜமாணிக்கம். "பள்ளம்னா ஒரு மரியாத வாணாமா?"

"எங்க முத்தத்துக்கு வாங்க சார், நல்ல மரியாதையான பள்ளமா பதினஞ்சு இருக்குது. தோண்ட வேண்டிய வேலையே இல்ல" என்றாள் ஆதிலட்சுமி. மற்றப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

தலைவர் கீழே படுத்து, புஷ் இல்லாமலே தற்காலிகமாகச் செருகியிருந்த பின்னை உருவி, ராடை விடுவித்தார். கைதட்டல். ஜீப் முனகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. இடது சக்கரம் உள்ளே போனது. வலது சக்கரம் எதையும் அறியாமல் மேலே நின்றது. உண்மையாகவே அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் நான் நேர்மையற்றவள். தர்மராஜ் நல்ல தொழில்காரர். ஏழு முறை இறங்கி ஏழு முறை ஏறினார்கள். ராஜமாணிக்கம் கண் கலங்கினார். பிறகு அந்தப் பெண்களே பள்ளத்தை மூடினார்கள். ஆற்றில் குழி இருந்தால் ஆடுமாடு விழுந்துவிடும் என்று என் கணவர்தான் அக்கறையோடு சொன்னார்.

"ரோட்டுக்கு ஏறணும்னா ராடை மாட்டியே ஆவணும் சார். இல்லன்னா வளைவுல சாஞ்சிக்கும்" என்றார் தர்மராஜ்.

அப்போதுதான் துணி அவிழ்க்கப்பட்டது. நான்கு பீங்கான் புஷ்களும் கேமராவுக்குக் காட்டப்பட்டன. 'இணைப்பு விழா' இனிதே முடிந்து, ஜீப் ஊர்வலமாக ஆலைக்குப் புறப்பட்டது. அங்கே பிரியாணி காத்திருந்தது. நான் முன் இருக்கையில் இருந்தேன். தார் ரோட்டில் புஷ்கள் தங்கள் கடமையைச் செய்தன. ஆலை வாசலில் வண்டி திரும்பியது. முற்றத்தின் முதல் பள்ளத்தில் இறங்கியது.

டக்.

கீழே குனிந்து பார்க்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். இரண்டாவது பள்ளத்தில் இன்னொரு டக், உடனே மளமளவென்று உதிரும் ஓசை. கழன்ற ராடு மண்ணில் குத்திக்கொள்ள, விருத்தாசலத்தின் மலையேறும் வண்டி தன் சொந்த வாசலில், பெஞ்சு உயரம்கூட இல்லாத ஒரு மேட்டில் ஏற முடியாமல் நின்றுவிட்டது. பின்னால் டெம்போவில் வந்த ஆறு பெண்களும் இறங்கித் தள்ளினார்கள்.

பிரியாணி ஆறுவதற்குள் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. ஆபீஸ் மேஜைமேல் செய்தித்தாளில் உடைந்த துண்டுகள். ராஜமாணிக்கம் ஒரு துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"டிசைன்ல ஒரு கொறையும் இல்ல சார். இது கைவேலக் கோளாறு."

"தேச்சது யாரு?" என்றார் ஒரு முதலாளி. எல்லோருக்கும் தெரியும்.

என் கணவர் வருத்தத்தோடு சுவரைக் காட்டினார். "நாலு உருப்படி ஆதிலட்சுமி. ஒரே நாளுல. நானே எழுதின விதி. எனக்காக மாத்த முடியுமா?"

"நான் எங்கங்க ஒடச்சேன்? ஒடையும்னு அன்னிக்கே சொன்னேனே மொதலாளி! இதே எடத்துல நின்னு சொன்னேன்."

"அப்படி யாரும் சொன்ன மாதிரி எனக்கு ஞாபகமில்லையே."

தலையாட்டுபவர்கள் ஆட்டினார்கள். தர்மராஜ் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆலையின் டெம்போ, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் பழுது பார்ப்பது அவர்தான். ஆதிலட்சுமி என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா இருந்தாங்களே. நீங்க சொல்லுங்கம்மா. எம்பொண்ணுக்கு இன்னும் ஒரு வருசந்தாம்மா பாக்கி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் பார்க்கவில்லை, அவருக்கு அவசியமில்லை. அந்த நொடியில் எனக்குள் என்னென்னவோ நடந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. போராட்டம், தவிப்பு, பதினெட்டு வருடத்து மௌனத்தின் பாரம். ஒன்றும் நடக்கவில்லை. பிரியாணி ஆறிவிடுமே என்று நினைத்தேன்.

"கவனிக்கலயே ஆதிலட்சுமி" என்றேன்.

அவள் அழவில்லை. சும்மாட்டுத் துணியை உதறி மடித்து, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாள். முற்றத்துப் பள்ளங்களை ஒவ்வொன்றாகச் சுற்றிக் கடந்து, பழக்கத்தில், தலையில் பலகை இருப்பவள்போலவே நடந்தாள். பக்கத்து ஆலைகளில் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. அந்த முதலாளிகள்தான் கமிஷனில் இருந்தார்களே.

அடுத்த வாரமே முற்றத்தில் இரண்டு லோடு கிராவல் கொட்டி, ரோலர் விட்டுச் சமப்படுத்தினார்கள். பள்ளமான தரை ஜீப்புக்கு ஆகாதாம்.

அதன் பிறகு நடந்ததுதான் சாதனை. சுமக்கும்போது உடையும் உருப்படிகள் அடியோடு நின்றுபோயின. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம், ஒன்றுகூட உடையவில்லை. உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டு விழாவில் என் கணவருக்கு 'சேதாரமில்லாச் செம்மல்' என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். நிர்வாகத்திறன் பற்றி அவர் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு, வெற்றிக்குப் பின்னால் இருக்கும் பெண்மணியும் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை என்னிடம் தந்தார்கள்.

"நடந்தது எல்லாத்துக்கும் இவர்தான் காரணம்" என்றேன்.

அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். அவர் எழுந்து கைகூப்பினார். அடுத்த வாக்கியத்தைச் சொல்வதற்குள் மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். யாரும் பிடுங்கவில்லை. கைதட்டல் ஓயும் வரை, ஓய்ந்த பிறகும், மைக் என் கையில்தான் இருந்தது.