பதினொரு கணினிகளுக்கு ஒரு பெரட்டு

மலையகத்தில் விஞ்ஞானம் பத்து வருடம் பின்தங்கியதற்கு ஒரே மனிதர்தான் காரணம். பெற்றோர் வைத்த பெயரால் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் 'பெரட்டு'.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு பழைய தோட்டத்து பங்களா. குளிர் இலவசம் என்பதால், ஒரு பல்கலைக்கழகம் பன்னிரண்டு கணினிகளை ஒன்றாகப் பிணைத்து, ஆராய்ச்சியாளர்கள் பெரிய கணக்குகள் போட அங்கே வைத்தது. வேலை செய்தவை பதினொன்று. காவலுக்கு, தோட்டத்தில் ஆட்களை மேய்த்து ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவரைப் போட்டார்கள். கணினியில் அவருக்குத் தெரிந்தது சுவிட்ச் மட்டும்.

விடியலில் தொழிலாளரை நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, வேலை பிரிப்பதைத் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். அதையே எங்களுக்கும் வைத்தார்; பெயர் அப்படி வந்தது. காலை ஆறரைக்கு முற்றத்தில் வரிசை, கலாநிதிகளுக்கும் விலக்கில்லை. கணக்கு நடுவில் நின்றுவிட்டால், கொழுந்து குறைந்தவர்களுக்குப் போடுவதுபோல் பதிவேட்டில் 'அரைப் பேர்' விழும். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.

நான் மண்சரிவைக் கணித்துக்கொண்டிருந்தேன். வயது ஐம்பத்தொன்று. அடுத்த திங்கட்கிழமை முடிவைக் கொடுக்காவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவு ரத்து. கணினிகள் ஆறு நாள் நிற்காமல் ஓட வேண்டும். நாற்பத்திரண்டு படி ஏறிப் போனேன்.

"நாலு நிமிசம்தானே பிந்தினனான்" என்று என் யாழ்ப்பாணத் தமிழில் கெஞ்சினேன்.

"லேட்டா வந்தா பேரு இல்லீங்க சேர். நாளைக்கு வாங்க."

"நான் ஒரு விரிவுரையாளர்."

"யாருங்க இல்லேன்னா? விரிவுரையாளரும் வெள்ளன எந்திரிக்கலாமே."

வரிசையில் நின்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

செவ்வாய் ஐந்தரைக்கே போய் நின்றேன். கணக்கு ஓடத் தொடங்கியது. சனிக்கிழமை மாலை அடுத்த இடி.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க. எல்லாத்தையும் அணைச்சிருவேன்."

"அணைச்சால் அஞ்சு நாள் வேலையும் போயிடும், ஐயா. நான் துலைஞ்சன்."

"அஞ்சு நாளா ஓடுதுங்க. அதுகளுக்கும் ஒடம்பு நோவும்ல?"

இப்படிப்பட்ட மடையரிடம் என்ன பேச? ஞாயிறு காலை பதினேழு வசவுகளை மனப்பாடம் செய்துகொண்டு படி ஏறினேன்.

உள்ளே பதினொரு கணினிகளும் இரைந்துகொண்டிருந்தன. ஜன்னல்கள் அத்தனையும் திறந்திருந்தன. சூடேறிய கணினிகளுக்குப் பெரட்டு கொழுந்துச் சாக்கால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னயப் பாக்காதீங்க சேர். இன்னிக்கு நான் லீவு."

மேசையில் பதிவேடு. ஞாயிறு வேலைக்குத் தோட்டத்தில் ஒன்றரைப் பேர் போடுவது வழக்கம். பதினொரு கணினிகளுக்கும் தலா ஒன்றரை போட்டிருந்தார். கணக்கப்பிள்ளை என்ற அவருடைய வரி வெறுமையாக இருந்தது.

திங்கட்கிழமை முடிவைக் கொடுத்தேன். பட்டமும் கிடைத்தது. அந்த ஞாயிறுக்கு அவருக்குப் பேர் போட ஒருவரும் இருக்கவில்லை. நான் இங்கே போடுகிறேன்: ஒன்றரை.