டிராகனுக்குப் போட்ட மல்லாரி

“…தேங்காயும் உடைச்சாச்சு, கற்பூரமும் ஏத்தியாச்சு. இப்ப யாருக்குக் காட்டறது? அந்தப் பாட்டைப் போட்டது யாருன்னு மட்டும் சொல்லுப்பா.”

எங்கள் மாடி அறை வாசலில் நின்று கேட்டவர் கனகா அக்கா. அடுத்த வீட்டுக்காரர், தறி நெய்கிறவர். கையில் தட்டு, தட்டில் எரிகிற கற்பூரம். அவர் நேருக்கு நேர் பார்த்தால் செய்யாத தப்பையும் ஒப்புக்கொள்கிற ஆள் நான். அன்று செய்த தப்பையே ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் பொறாமை. கற்பூரம் எரிந்துகொண்டிருக்கட்டும், முதலில் பொறாமையைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் கதை விளையாட்டு நடக்கும். என் மனைவி புவனா கதை சொல்வாள். மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி என்று பேசி, பகடை உருட்டி, பூதங்களோடு சண்டை போட வேண்டும். (நாற்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். என் மாமியார் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.) நான் எந்த வேடம் எடுத்தாலும் இரண்டாவது வாரம் செத்துப்போவேன். பாவம் பார்த்து, பின்னணி இசை போடும் வேலையைக் கொடுத்தார்கள். அதை நான் ஆஸ்தான வித்வான் பதவி போல வைத்துக்கொண்டேன். சங்கீதம் யாரிடமும் கற்றதில்லை. கோயில் நாகஸ்வரம் கேட்டுக் கேட்டு வந்த ஞானம்தான். காட்டில் இரவு என்றால் தாலாட்டு ராகமான நீலாம்பரி போடுவேன். கதையில் காவலுக்கு நின்ற டில்லி நிஜமாகவே குறட்டை விட்டான். (டில்லி என் பள்ளித் தோழன். கம்ப்யூட்டரில் சேலைக்கு பார்டர் டிசைன் போடுகிறவன்.)

இப்படி நிம்மதியாக இருந்தபோதுதான் டில்லியின் மைத்துனன் பிரகாஷ் வந்து சேர்ந்தான். பக்கத்துக் கிராமமான கூரத்துக்காரன், ஸ்ரீபெரும்புதூரில் வேலை. முதல் நாளே, “அண்ணா, நான் ஒண்ணு போடட்டுமா?” என்று அடக்கமாகக் கேட்டு, ஏதோ வெள்ளைக்காரக் குழுவின் செல்லோ இசையைப் போட்டான். பாழடைந்த சுரங்கத்துக்குள் நாங்கள் நுழைகிற கட்டம்.

“எனக்கு முதுகெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு பிரகாஷ்” என்றாள் புவனா.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். என்னால் அவள் முதுகு ஒருமுறைகூட ஜில்லிட்டதில்லை. (“ஏசியைப் போட்டது நான்தானே” என்று சொல்லிப் பார்த்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.) அவன் நல்லவனாக வேறு இருந்தான். காபி குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவான். இதை எப்படி மன்னிப்பது?

கடைசியில் புவனாவே வழி சொன்னாள். “அடுத்த வாரம் டிராகன் வருது. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க. யாரோடது எனக்கு ஜில்லுங்குதோ, இனிமே அவங்கதான் மியூசிக்.”

வாரம் முழுக்க யோசித்தேன். ஒருவர் பிரமாண்டமாக வருகிறார் என்றால், அதற்கு மல்லாரியை விட வேறென்ன இருக்கிறது? சாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து வாசிப்பது. காஞ்சிபுரத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாமலா? தெரிந்தேதான் செய்தேன். பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது என்பதுதான் பொறாமையில் மறந்துபோனது.

பெரிய ஸ்பீக்கர் ஒன்றை இரவல் வாங்கி ஜன்னலில் வைத்தேன். டில்லி அட்டையில் டிராகன் செய்து கொண்டுவந்திருந்தான். பார்டர் போட்டுப் பழகிய கை. அதற்கு யாளி வாயும் அன்னத்தின் கழுத்தும் வந்திருந்தன. புவனா கண்ணைக் காட்டினாள். மல்லாரியைத் திறந்துவிட்டேன்.

டில்லி எழுந்து நின்று கைகூப்பினான்.

“டில்லி அண்ணா, டிராகன் எதிர்ல நிக்குது. உங்க கையில கத்தி இருக்குது. என்ன பண்றீங்க?”

“கும்புட்டுக்கறேன்மா.”

“வெட்டலையா?”

“மல்லாரி வாசிச்சுக்கினு வர்றவரை எப்படிம்மா வெட்றது?”

பிரகாஷும் பகடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிட்டான். தெருவில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. ஜன்னல் வழியே பார்த்தேன். வாசலுக்கு வாசல் ஜனம். நாலைந்து பேர் கையில் தட்டு, ஒரு வீட்டில் அவசரமாக ஒரு கோலம். எல்லோரும் தெருமுனையைப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் எங்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். நான் பாட்டை நிறுத்துவதற்குள் படியில் காலடிச் சத்தம்.

கனகா அக்கா கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “பிரகாஷ்தான்க்கா.”

(இன்றும் எங்கள் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலோ டேங்க் நிரம்பி வழிந்தாலோ, யார் செய்தது என்று கேட்டால் என் மகள் “பிரகாஷ்தான்” என்பாள். அம்மா சொல்லிக்கொடுத்தது.)

பிரகாஷ் என்னை ஒருமுறை பார்த்தான். மறுக்கவில்லை. அந்தப் பெருந்தன்மை என்னை இன்னும் எரித்தது.

அக்காவின் முகம் இளகியது. “தெருவைத் தோண்டிப் போட்டிருக்குதுன்னு இந்த வருஷம் சாமி நம்ம பக்கம் வராதுன்னுட்டாங்க. மனசே ஆறலைப்பா. காதுலயாவது வர வெச்சியே தம்பி. நல்லா இருப்பே.”

“ஏங்க, இது பிரகாஷ் போட்டதுதானா?” என்று புவனா கேட்டாள். நான் போட்டதைக் கண்ணால் பார்த்தவள். தலையாட்டினேன். “எனக்கு ஜில்லுன்னு ஆச்சு. அப்ப இனிமே மியூசிக் பிரகாஷ்தான்” என்றாள்.

அக்கா உள்ளே வந்து, அட்டை டிராகனுக்கு மூன்று சுற்றுக் காட்டினார். பிறகு தட்டை முதலில் பிரகாஷிடம் நீட்டி, நெற்றியில் திருநீறு பூசி, தேங்காய் மூடியை அவன் கையில் வைத்தார். (முதல் மரியாதை யாருக்கு என்பதில் பேச்சுவார்த்தையே அற்றுப்போன குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு.) அடுத்து டில்லி. அடுத்து புவனா. என்னிடம் வந்தபோது கற்பூரம் அணைந்திருந்தது. அக்கா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார்.