சுறுசுறுப்பான பொண்ணு வேணும்

“ஏட்டி, உக்காந்தா இருக்க?”

மிளகாய் வத்தல் விலை கேட்டு வந்த பெரியவர், சுதாராணி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுத் தெருமுனை திரும்பியதுமே பாலம்மாள் கத்தினாள்.

சுதாராணி நாற்காலியிலிருந்து நிமிர்ந்தாள். “வேலைதான் முடிஞ்சிட்டுல்லாம்மா?”

“வந்தது மாப்பிள்ளை வீட்டுக்காரவியளா இருந்திருந்தா? சுறுசுறுப்பான பொண்ணுதான் வேணும்னு தரகர்கிட்ட அழுத்திச் சொல்லியிருக்காவ.”

போன சம்பந்தம் அப்படித்தான் போனது. உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு, ‘பொண்ணு மந்தம்’ என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் புதியம்புத்தூர் மாப்பிள்ளையை நழுவவிட சுதாராணிக்கு மனமில்லை. போட்டோவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றான்.

“மத்தியானம் அவிய வாரப்ப உன் கையில ஒரு வேலை இருக்கணும்.”

“என்ன வேலை? எல்லாந்தான் ஆச்சே.”

பாலம்மாள் யோசித்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களில் சாம்பலைப் பூசி முற்றத்தில் பரப்பினாள். போதவில்லை. மடித்து வைத்த துணிகளை வாளியில் முக்கினாள்.

“எம்மா, அந்தச் சேலையைத்தான் நான் கட்டணும்!”

“ஈரமாக் கட்டு. வேலை செய்யுத பொண்ணுன்னு தெரியும்.”

அதற்கும் மனசு ஆறாமல், காம்பு கிள்ளித் தைத்து வைத்திருந்த வத்தல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். நெடி ஏறி இருவரும் தும்மினார்கள். தும்மிய வேகத்தில் வாளி கவிழ்ந்தது. தண்ணீர் ஓடிய கரிசல் முற்றம், மிதித்த காலோடு அப்பிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் கார் வந்து நின்றது.

மாப்பிள்ளையின் தாய் சங்கரம்மாள் ஒற்றைச் செருப்பைச் சகதிக்குக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றாள். எதிரே சுதாராணி, விளக்குமாறும் கரிச்சட்டியுமாக, கண்ணில் நீர் வடியத் தும்மிக்கொண்டிருந்தாள்.

“பாத்தியளா, ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டா,” என்றாள் பாலம்மாள்.

சங்கரம்மாளின் முகம் சுருங்கியது. “ஏன், விடிஞ்சதுல இருந்து ஒரு வேலையும் முடியலையாக்கும்?”

அவளுக்குப் பின்னால் இறங்கிய மாப்பிள்ளையின் தாய்மாமனைப் பார்த்ததும் பாலம்மாளுக்குத் தும்மல் நின்றுபோனது. காலையில் தண்ணீர் குடித்துப் போன அதே பெரியவர்.

அவர் முற்றத்தைப் பார்த்தார். கதவு நம்பரைப் பார்த்தார். மறுபடி முற்றத்தைப் பார்த்தார்.

“இந்த வீடுதானா தாயி? காலைல எல்லா வேலையும் முடிச்சிட்டு இங்கன ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சே, அவளைத்தானே கேட்டு வந்தோம்?”