மாமனாருக்கு லைட்டா அடி

யாராவது போனில் ‘லைட்டா’ என்று ஆரம்பித்தால், அந்தப் பக்கம் ஆள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று உறுதியாக நம்பியவன் நான். (சிரிப்பதை இப்போதே ஆரம்பிக்க வேண்டாம். இன்னும் இருக்கிறது.)

நம்பியதற்குக் காரணம் உண்டு. எங்கள் இராஜபாளையத்தில் அந்தச் சொல்லை யாரும் உள்ளபடி சொல்வதில்லை. மெக்கானிக் ‘லைட்டா வேலை இருக்கு’ என்றால், இன்ஜின் முழுசாகத் தரையில் கிடக்கிறது. சொந்தத்தில் ‘லைட்டா மனஸ்தாபம்’ என்றால், கேஸ் கோர்ட்டில் நடக்கிறது. பெரியப்பா இறந்தபோதுகூட ‘லைட்டா நெஞ்சுவலி, வாங்க’ என்றுதான் எனக்குப் போன் வந்தது. போய் இறங்கினால் பந்தல் போட்டிருந்தார்கள்.

போன வருஷம் ஒரு காலை. நான் சூப்பர்வைசராக இருக்கும் பேண்டேஜ் கம்பெனியில் நின்றுகொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மச்சினன் முருகேசன் கூப்பிட்டான்.

“மச்சான், அப்பாவுக்கு லைட்டா அடி.”

“என்னலே சொல்லுத?”

“பதறாதீய. பாத்ரூம்ல வழுக்கிட்டாரு. அக்காட்ட பக்குவமா சொல்லிக் கூட்டிட்டு வாங்க. ஆங்… சாப்பிட்டுட்டு வாங்க.”

எனக்கு விஷயம் உறுதியானது அந்தக் கடைசி வார்த்தையில்தான். சாவு விழுந்த துட்டி வீட்டில் அடுப்பு எரியாது. அதனால்தான் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறான்! திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மாமனார் நம்பருக்கு அடித்தேன், சுவிட்ச் ஆஃப். (அவர் இனி எங்கே எடுப்பார்! வேலைவெட்டி இல்லாத காலத்தில் என்னை நம்பிப் பெண் கொடுத்த ஒரே மனிதர்.)

துட்டிக்கு மருமகன் கோடித்துணி இல்லாமல் போகக் கூடாது. கடைக்குப் போனால் நேரமாகும். எதிரே வெள்ளைத் துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. முதலாளியிடம் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு சுருளைப் பையில் திணித்தேன். காயத்துக்குக் கட்டுகிற வலைத்துணி. வெள்ளையாக இருந்தால் போதும் என்று அப்போதைய புத்திக்குப் பட்டது.

மகன் கோயமுத்தூரில் படிப்பதால் வீட்டில் என் மனைவி செல்வி மட்டும் தாளித்துக்கொண்டிருந்தாள்.

“உங்கப்பாவுக்கு லைட்டா அடியாம். போய்ப் பாத்துட்டு வந்துருவோம்.”

கரண்டி நின்றது. “லைட்டாவா?”

“லைட்டாதான்.”

அடுப்பை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். திரும்பி வந்தபோது தலையில் இருந்த மல்லிகையைக் காணோம். பழைய சேலைக்கு மாறியிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டதா, இல்லையா? கேட்கத் தைரியம் வரவில்லை.

“பையில என்னங்க?”

“கம்பெனி சாம்பிள்.”

பைக்கில் பாதி தூரம் போனதும் காதருகே கேட்டாள். “லைட்டானுதான சொன்னான்? வேற ஒண்ணும் சொல்லலியே?”

“சாப்பிட்டுட்டு வரச் சொன்னான்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். என் தோளைப் பிடித்திருந்த விரல்கள் சதைக்குள் இறங்கின. கண்ணாடியில் பார்த்தேன், முந்தானை வாயில் இருந்தது. நானோ பின்னால் வந்த லாரியின் ஹாரனைக்கூட ஒப்பாரியாகக் கேட்டுக்கொண்டு ஓட்டினேன்.

தெருவில் திரும்பினால், மாமனார் வீட்டு வாசலையொட்டி ஒரு வண்டியிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஸ்டாண்ட் போடாமலே இறங்கினேன். பைக் ஒரு பக்கம் சாய, “மாமா!” என்று அலறிக்கொண்டு நான் உள்ளே ஓட, “ஐயோ அப்பா!” என்று செல்வி பின்னால் ஓடி வந்தாள்.

மாமனார் வெந்நீர் வாளிக்குள் ஒரு காலை விட்டு உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

கடித்த முறுக்கு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். அழுகிற மகளைப் பார்த்தார். பையிலிருந்து தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

“மாப்ள… கோயமுத்தூர்ல பேரனுக்கு என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல மாமா, லைட்டா…”

லைட்டாகப் பயந்துவிட்டோம் என்று சொல்ல வந்தேன். முடிக்க விடவில்லை அவர். “எம் பேரன் போயிட்டானா!” என்று துள்ளி எழுந்தார். வாளி கவிழ்ந்தது. தண்ணீரில் வழுக்கித் தடாலென்று விழுந்தார். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அத்தை, காரணம் கேட்காமலே மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

மருந்துக் கடையிலிருந்து திரும்பிய முருகேசன் வாசலில் உறைந்து நின்றான். “ஏன்… யாரு செத்தது?”

நாங்கள் ஆளுக்கொருவரைக் கைகாட்டினோம்.

பேரனை வீடியோ காலில் கூப்பிட்டு, அவன் உயிரோடு கொட்டாவி விடுவதைக் காட்டிய பிறகுதான் வீடு அடங்கியது. அடங்கிய வேகத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மம்சாபுரத்திலிருந்து மாமனாரின் தம்பி, ஆளுயர ரோஜா மாலையோடு. (செல்வி அறைக்குள் போனது சேலை மாற்ற மட்டுமல்ல. ‘சித்தப்பா, அப்பாவுக்கு லைட்டா அடி’ என்று ஒரு போனும் போட்டிருக்கிறாள். அவள் சொன்னது அம்புட்டுத்தான்.)

தரையில் கிடந்தபடியே மாமனார் மாலையைப் பார்த்தார். “பரவால்லலே தம்பி, நல்லாச் செலவழிச்சிருக்க.” பிறகு என் பையைப் பார்த்தார். “நீங்க என்ன மாப்ள, வலைத்துணியோட வந்திருக்கீய? பட்டாளத்துல இருந்த எனக்கு ஒரு வேட்டி எடுக்கக்கூடவா வக்கில்ல?”

இன்றைக்கும் நான் போன் செய்தால் அவர் ஹலோ சொல்வதில்லை. “உசுரோடதான் இருக்கேன் மாப்ள, சொல்லுங்க” என்றுதான் எடுப்பார்.

நாற்காலிகள் பக்கத்து வீட்டுக் காதுகுத்துக்கு வந்தவை. மாமனார் போனில் சார்ஜ் இல்லை. அவருக்கு ஒத்தடம் கொடுப்பதில் அத்தை சமைக்கவில்லை. பாத்ரூமில் வழுக்கியதில் அவருக்கு வெறும் சுளுக்கு. எலும்பு முறிந்தது நாங்கள் போய்ச் சேர்ந்த பிறகு.